இருபது வருஷமாக நிறையாத செப்டிக் டேங்க்

கேள்வி: கருங்கல் பக்கம் ஆறு சென்டில் எங்கள் வீடு. முன்னால் கிணறு, பின்னால் செப்டிக் டேங்க். டேங்க் கட்டி இருபது வருஷமாகிறது, ஒருமுறைகூட நிறைந்ததில்லை. ஆனால் மழை பிடித்துவிட்டால் கிணற்றுத் தண்ணீர் கலங்கி, ஒரு வாடையும் வருகிறது. போன ஆனியில் பிள்ளைகள் இருவருக்கும் வயிற்றுப்போக்கு. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடலாம்?

பதில்: பவுடர் கணக்கைச் சொல்கிறேன். ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 'நிறைந்ததில்லை'தான் எனக்கு உறுத்துகிறது. பல வீடுகளில் இதைப் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஒழுங்காகக் கட்டிய செப்டிக் டேங்க் எப்போதும் நிறைந்தேதான் இருக்கும். கசடு அடியில் தங்கும், மேலே தெளிந்தது குழாய் வழியே உறிஞ்சுகுழிக்குப் போகும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லாரி வைத்துக் கசடை எடுக்க வேண்டும். இருபது வருஷமாக அந்த வேலையே வரவில்லை என்றால், பெரும்பாலும் அடியில் கான்கிரீட் இல்லை. அது டேங்க் அல்ல, உறை இறக்கிய வெறும் குழி. உள்ளே போனதெல்லாம் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

கோடையில் தெரியாதது மழையில் ஏன் தெரிகிறது? குழியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் நடுவே இருக்கும் காய்ந்த மண்தான் வடிகட்டி. நம் குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. நீர்மட்டம் ஏறிக் குழியின் அடியைத் தொட்டால் அந்த வடிகட்டி இல்லாமல் போகிறது. நிலம் செம்பூராங்கல்லாக (லேட்டரைட்) இருந்தாலோ, அதில் இயல்பிலேயே துளைகள் உண்டு.

குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் 18 மீட்டர், அதாவது 60 அடி இடைவெளி வேண்டும். ஆறு சென்ட் என்பது ஏறக்குறைய 51 அடிக்கு 51 அடி. மூலைக்கு மூலை வைத்தால்தான் 60 கிடைக்கும். பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து அளந்து பாருங்கள், மதில் தண்ணீரைத் தடுக்காது. சிலர் கக்கூஸில் சொட்டுநீலம் ஊற்றிக் கிணற்றில் வருகிறதா என்று பார்ப்பார்கள். மண் அதைப் பிடித்துக்கொள்ளும், நீலம் வராததால் தண்ணீர் நல்லது என்று ஆகிவிடாது.

பவுடர் போடும் முன்பே குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கிருமி நீக்கிய பாட்டில் கேட்டு வாங்கி, தண்ணீரைச் சோதிக்கக் கொடுங்கள். மலத்திலிருந்து வரும் ஈ.கோலை கிருமி 100 மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கழிவிலிருந்து தண்ணீரில் கரைந்து வரும் நைட்ரேட்டையும் பார்க்கச் சொல்லுங்கள், வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். கொதிக்க வைத்தாலும் பவுடர் போட்டாலும் நைட்ரேட் போகாது. கைக்குழந்தை இருந்தால் இது முக்கியம்.

இனி கணக்கு. கிணற்றின் விட்டத்தை அடியில் அளந்து அதையே அதனால் பெருக்கி, தண்ணீர் நிற்கும் ஆழத்தாலும் பிறகு 22ஆலும் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 5 அடி விட்டம், 12 அடி தண்ணீர் என்றால் 6,600 லிட்டர். 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம் வீதம் 16, 17 கிராம் போதும். கலங்கிய நேரத்தில் இரட்டிப்பாக்குங்கள். வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும். தெளிவை மட்டும் கிணற்றில் ஊற்றி, வாளியைக் கயிற்றில் இறக்கி நன்றாகக் கலக்குங்கள். ராத்திரி போட்டுக் காலையில் எடுப்பது நல்லது. போன வருஷம் பிரித்து வைத்த பாக்கெட்டில் வீரியம் இருக்காது. குடிக்கிற தண்ணீரை எப்படியும் கொதிக்க வைத்துவிடுங்கள்.

இதெல்லாம் இந்த மழைக்குத்தான். கோடையில் குழியைக் காலி செய்து, அடியில் கான்கிரீட் போட்டு, உள்ளே பூசி, இரண்டு அறையாகத் தடுத்துக் கட்டுங்கள். உறிஞ்சுகுழியைக் கிணற்றுக்கு எதிர்மூலைக்கு மாற்றி, ஆழம் குறைத்து அகலமாக வையுங்கள். கையில் காசு குறைவென்றால் கிணற்றின் மேல் பத்தடியையாவது உள்பக்கம் சிமென்ட் பூசி, சுற்றிலும் தளம் போடுங்கள். கலங்கல் ஓரளவு குறையும்.

காலி செய்யும் நாளில் லாரி கசடை எங்கே கொட்டப்போகிறது என்று கேளுங்கள். 'அதெல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம்' என்று பதில் வந்தால் வேறு லாரி பாருங்கள். அப்புறம், அடியில் ஒட்டியதை வழிக்க ஆள் இறங்குகிறேன் என்றால் விடாதீர்கள். விஷவாயு கண்ணுக்குத் தெரியாது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமும்கூட. தண்ணீர் பீய்ச்சிக் கரைத்து, மறுபடி ஹோஸ் போட்டு உறிஞ்சச் சொல்லுங்கள்.