வெட்கத்தை வரைவது

அன்புள்ள அக்கா,

‘ட்சுகி கா கிரெய்’ நல்ல ஜப்பானிய அனிமே என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு விடுதியில் நாங்கள் நாலு பேர் உட்கார்ந்து பார்த்தோம். ஐந்தாவது பகுதியோடு எழுந்துவிட்டோம். ஒரு பையன், ஒரு பெண். இரண்டு பேரும் வாயே திறப்பதில்லை. போனில் ஒரு வரி அனுப்பிவிட்டுப் பதில் வரும்வரை படுத்துக் கிடக்கிறார்கள். என் பள்ளி நாட்களும் இப்படித்தான் சப்பென்று போயின, அதைத் திரும்பப் பார்க்க அனிமே எதற்கு? ‘ககுயா சாமா’ என்ற இன்னொரு அனிமேயில் ஒரு சினிமா டிக்கெட்டுக்காக ககுயாவும் ஷிரோகானேயும் மூளையைக் கசக்கிக்கொண்டு மோதுவதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தோம். அத்தனையும் மிகைதான், ஆனால் அலுக்கவில்லை. வரைந்த படத்தில் போய் யதார்த்தத்தைத் தேடுவதே தப்பில்லையா? யதார்த்தம் என்றால் உசத்தி, சிரிக்க வைத்தால் மட்டம் என்று ஏன் நினைக்கிறீர்கள்?

எஸ்., கோவை

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சிரிக்க வைப்பது மட்டம் என்று நான் நினைக்கவில்லை. 2019இல் வந்த ககுயா சாமா முதல் பருவத்தை இரண்டு முறை பார்த்தேன், இரண்டு முறையும் சிரித்தேன். ஆனால் நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜப்பானியப் பள்ளிக் காதலில் ‘கொகுஹாகு’ என்று ஒன்று உண்டு. என்னோடு பழகுவாயா என்று ஒருவர் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அதுவரை எத்தனை நாள் சேர்ந்து நடந்தாலும் அது கணக்கில் வராது. கேட்பவருக்கு மறுக்கப்படும் பயம், கேட்கப்படுபவருக்கு அந்தப் பயம் இல்லை. அந்தச் சமமின்மையைப் பிடித்து, ‘முதலில் சொன்னவர் தோற்றார்’ என்று போர் விதியாக்கியதுதான் ககுயா சாமா. உள்ளே இருக்கும் பயம் நிஜம். அது இல்லாவிட்டால் டிக்கெட் சண்டையில் சிரிக்க ஒன்றும் இருந்திருக்காது.

முதல் பருவத்தின் கடைசியில் வாணவேடிக்கை பார்க்க டாக்சியில் விரட்டிக்கொண்டு போகிறார்களே, ஞாபகம் இருக்கிறதா? அத்தனை பாடுபட்டுப் போய்ச் சேர்ந்த ககுயா வானத்தைப் பார்ப்பதில்லை, பக்கத்தில் நிற்கும் ஷிரோகானேயின் முகத்தைத்தான் பார்க்கிறாள். தன் இதயம் அடிக்கிற சத்தத்தில் வெடிச் சத்தமே அவளுக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் உங்கள் அறையில் யாராவது சிரித்தீர்களா?

சரி, ட்சுகி கா கிரெய்க்கு வருகிறேன். 2017இல் வந்த 12 பகுதித் தொடர். டோக்கியோவுக்குப் பக்கத்தில், சைதாமா மாகாணத்தில் உள்ள கவாகோயே என்ற பழைய ஊரில் நடக்கிறது. நடுநிலைப் பள்ளிக் கடைசி வகுப்புப் பிள்ளைகள். வரைந்த படத்தில் யதார்த்தம் எதற்கு என்கிறீர்கள். எனக்கு இது நேர்மாறாகத்தான் படுகிறது. கேமரா முன் ஒரு பிள்ளையை நிறுத்தினால், கை எங்கே போவதென்று தெரியாமல் தவிப்பதும், எச்சில் விழுங்குவதும் கேட்காமலே பதிவாகிவிடும். ஓவியத்தில் எதுவும் கேட்காமல் வராது. நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்). தொலைக்காட்சி அனிமேயில் பெரும்பாலும் ஒரே படத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்துவார்கள், அதாவது நொடிக்கு எட்டுப் படங்கள். ஒரு பெண் பதில் சொல்லும் முன் ஒரு கணம் கீழே பார்க்கிறாள் என்றால், யாரோ அதை யோசித்து, உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். இதிலே மிகைக்குத் தயாரான சின்னங்கள் இருக்கின்றன. கன்னத்தில் சிவப்புக் கோடுகள், நெற்றியில் பெரிய வியர்வைத் துளி. போட்டதும் நமக்குப் புரிந்துவிடும். அவற்றைத் தொடாமல் வெட்கத்தைக் காட்ட வேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தப் பெண் அகானேக்குப் பதற்றம் வந்தால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு உருவத்தில் இருக்கும் ஒரு சின்னப் பொம்மையைப் பிசைகிறாள். (கவாகோயேவுக்கு அந்தக் கிழங்கு பெயர் போனது.) அந்தப் பையன் கோதாரோவுக்கு சந்தோஷம் வந்தால் அறை விளக்கிலிருந்து தொங்கும் கயிற்றைக் குத்துச்சண்டை வீரன் மாதிரி குத்துகிறான். யாரும் பார்க்காதபோது நாம் செய்கிற காரியங்கள் இவை.

முதல் பகுதியில் இரு குடும்பங்களும் தற்செயலாக ஒரே உணவகத்துக்கு வந்துவிடும் காட்சியை என் அக்கா மகளோடு பார்த்தேன். பத்தாவது படிக்கிறாள். பெரியவர்கள் கூடி சிரித்துப் பேச, பிள்ளைகள் இருவரும் நெளிகிறார்கள். அவ்வளவுதான் நடக்கிறது. இவள் தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு, “நிறுத்துங்க சித்தி, என்னால பார்க்க முடியல” என்றாள். நிறுத்தினேன். கொஞ்ச நேரம் கழித்துத் தலையணைக்குள்ளிருந்தே “ம், போடுங்க” என்றாள். பேய்ப் படத்துக்குக்கூட அவள் அப்படிப் பயந்து நான் பார்த்ததில்லை. அவளுக்கு அது பொழுதுபோக்கு இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

மூன்றாம் பகுதியின் முடிவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ‘நிலவு அழகாக இருக்கிறது’ என்பதுதான் தொடரின் பெயருக்குப் பொருள். ‘உன்னைக் காதலிக்கிறேன்’ என்பதை ஜப்பானிய மொழியில் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று எழுத்தாளர் நட்சுமே சோசெகி சொன்னதாக ஒரு கதை உண்டு, ஆதாரம் கிடையாது. எழுத்தாளனாகும் கனவோடு இருக்கும் கோதாரோவுக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் இரவில், கோயில் வளாகத்தில் அவன் வாயிலிருந்து வருவது வெறும் ‘ட்சுகியத்தே’, அதாவது என்னோடு பழகு. ஜப்பானிய மொழியில் நிலவுக்கும் ‘ட்சுகி’ என்றுதான் பெயர். அழகான வாக்கியம் ஒன்றைச் சொல்லப் போய், முதல் இரண்டு எழுத்திலேயே தடுமாறி, மனதில் இருப்பதைக் கொட்டிவிடுகிற ஒரு பிள்ளை. இதை நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். கூட்டக் காட்சிகளில் பின்னால் நடமாடும் கணினி உருவங்கள் பொம்மைகள் மாதிரி விறைத்து நகர்கின்றன, கண்ணை உறுத்துகிறது.

எனக்கு உண்மையிலேயே பிடிக்காத காதல் அனிமேக்கள் வேறு. பெற்றோர் வெளிநாட்டில், வீட்டில் பிள்ளை மட்டும் தனியாக. ஒருவர் சொன்னதை இன்னொருவர் பாதி கேட்டுவிட்டு ஓடுகிறார், நின்று கேட்டால் தொடர் முடிந்துவிடும் என்பதால் 12 வாரம் ஓடிக்கொண்டே இருக்கிறார். அங்கே யாருக்கும் எதுவும் வலிப்பதில்லை. அதனால் எனக்குச் சிரிப்பும் வருவதில்லை. கோதாரோவின் வீட்டில் அம்மா இருக்கிறார், டியூஷனுக்குப் போ, படி என்று திட்டுகிறார். அந்தத் திட்டு பின்னால் கதையில் எங்கே போய் நிற்கிறது என்பதை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை.

மிச்சம் ஏழு பகுதிகள் இருக்கின்றன. நண்பர்கள் வராவிட்டால் தனியாகப் பாருங்கள், இந்தத் தொடருக்கு அதுவும் நல்லதுதான். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பன்னிரண்டாம் பகுதியில் கதை முடிந்து பாட்டு ஆரம்பித்து, பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து போய்விடாதீர்கள். அந்த ஒன்றரை நிமிடத்தில் இந்தத் தொடர் அதுவரை பிடித்துவைத்திருந்த கண்டிப்பைக் கொஞ்சம் தளர்த்துகிறது. பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா