மார்த்தா ஹியூஸ் கேனன்: ஒரு மருத்துவர் கொண்டுவந்த சட்டங்கள்

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மருத்துவராகவும் புதிதாகக் குடியேற்றம் நடந்த மேற்குப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர்களில் யாருடைய வாழ்க்கையைப் படிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் மார்த்தா ஹியூஸ் கேனன் என்பேன்.

1857இல் வேல்ஸில் பிறந்தவர். அமெரிக்காவில் தோன்றிய மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைத் தழுவிய குடும்பம், அதன் மையமான மேற்கு அமெரிக்காவின் யூட்டாவுக்குக் கடல் கடந்து புறப்பட்டது. வழியிலேயே தங்கை இறந்தாள். 1861இல் சால்ட் லேக் நகரை அடைந்த மூன்றாம் நாள் தந்தையும் போய்விட்டார். மருத்துவம் படித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் அங்கேதான் முளைத்திருக்கும் என்பது என் எண்ணம். பதின்ம வயதில் பத்திரிகை அலுவலகத்தில் அச்சுக் கோத்துப் பணம் சேர்த்தார். 1880இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பென்சில்வேனியாவில் மேற்படிப்பு முடித்து, ஊர் திரும்பி சால்ட் லேக் நகரின் டெசரெட் மருத்துவமனையில் சேர்ந்தார்.

1884இல் ஆங்கஸ் கேனனுக்கு நான்காவது மனைவியானார். மார்மன்களிடம் வழக்கத்தில் இருந்த பலதார மணம் அப்போது மத்திய அரசின் சட்டப்படி குற்றம். அந்த மணங்களில் பிறந்த குழந்தைகளே கைதானவர்களுக்கு எதிரான சாட்சியம். அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பிரசவம் பார்த்தவர் மார்த்தா. கணவரையும் தன்னை நம்பி வந்த தாய்மார்களையும் நீதிமன்றத்தில் காட்டிக்கொடுக்க மனமில்லாமல், 1886இல் கைக்குழந்தையுடன் இங்கிலாந்து சென்று மறைந்து வாழ்ந்தார்.

1896 நவம்பரில், யூட்டா அமெரிக்காவின் ஒரு மாநிலமாக ஆன அதே ஆண்டில், ஜனநாயகக் கட்சி சார்பில் மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட்டுக்குத் தேர்வானார். அமெரிக்காவில் மாநில செனட்டரான முதல் பெண் அவர்தான். தோற்ற குடியரசுக் கட்சி வேட்பாளர்களில் கணவர் ஆங்கஸும் ஒருவர். மார்த்தாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இதையே கதையாக்கிவிடுகிறார்கள். அது நேருக்கு நேர் போட்டி அல்ல. ஐந்து இடங்களுக்குப் பலர் நின்ற தேர்தல். இந்தச் சுவாரசியத்தில் அவருடைய உண்மையான சாதனை மறைந்துபோவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அவர் கொண்டுவந்த மசோதாக்களைப் பாருங்கள். கடைகளில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்களுக்கு முதலாளி இருக்கை தர வேண்டும் என்றது ஒன்று. காது கேளாத, வாய் பேசாத, பார்வையற்ற குழந்தைகளுக்குக் கல்வியைக் கட்டாயமாக்கியது இன்னொன்று. மூன்றாவது, மாநிலச் சுகாதார வாரியத்தை உருவாக்கியது. பின்னர் அவரே அதில் உறுப்பினராகவும் பணியாற்றினார். கால் வீங்கி வந்த பெண்ணுக்கு மருந்து கொடுத்து அனுப்புவதோடு எந்த மருத்துவரும் நிறுத்திக்கொள்ளலாம். இவர் அந்த வீக்கத்தின் காரணத்தைச் சட்டத்தால் தடுக்கப் பார்த்தார். நான் அவரை மதிப்பது இதற்காகத்தான்.

1899இல் மூன்றாவது குழந்தை பிறந்தது. பலதார மணத்தைக் கைவிடுவதாக மார்மன் திருச்சபை 1890இலேயே அறிவித்திருந்ததால் பெரும் சர்ச்சை எழுந்தது. அவருடைய அரசியல் வாழ்க்கையும் அத்துடன் முடிந்தது. பிற்காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் வாழ்ந்து, 1932இல் மறைந்தார். 2024 டிசம்பரில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் யூட்டாவின் சார்பாக அவருடைய சிலை நிறுவப்பட்டது. வாசிக்கத் தொடங்கினால், தேர்தல் கதையைத் தாண்டி 1897 முதல் வந்த அந்தச் சட்டங்களிலிருந்து தொடங்குங்கள்.