'செகார்' வினைக்கு ஸ்பானிய அட்டவணை உதவுமா?

கேள்வி: ஸ்பெயினின் வடமேற்கில் பேசப்படும் கலீசிய மொழியின் 'செகார்', ஸ்பானியத்தின் 'யெகார்' இரண்டும் 'வந்துசேர்' என்ற ஒரே வினைதானே? ஸ்பானியம் படித்தவர் இதைத் தனியாகப் படிக்க வேண்டுமா?

பதில்: கட்டாயம் படிக்க வேண்டும். தாய் ஒன்றுதான்: 'மடி' என்று பொருள்படும் லத்தீன் 'ப்ளிகாரே'. கரை நெருங்கியதும் கப்பற்பாயை மடிப்பதிலிருந்து 'வந்துசேர்' என்ற பொருள் வந்ததாகச் சொல்வது வழக்கம். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் புனித யாத்திரை போன எகேரியாவின் லத்தீன் குறிப்புகளிலேயே அது 'நெருங்கு' என்ற பொருளில் வருகிறது. லத்தீனில் சொல்முதலில் நின்ற 'ப்ள' கலீசியத்தில் 'ச்ச' ஆனது ('பச்சை'யில் கேட்கும் ஒலி), ஸ்பானியத்தில் 'ய' ஆனது. மழை அங்கே சூவியா, இங்கே யூவியா.

நிகழ்காலம் சிக்கலில்லை (நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில்): செகோ, செகாஸ், செகா, செகாமோஸ், செகாதேஸ், செகான். இறந்தகாலத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். செகேய், செகாச்சேஸ், செகோவ், செகாமோஸ், செகாஸ்தேஸ், செகாரோன். 'நீ வந்தாய்' என்பதற்கு ஸ்பானியப் பழக்கத்தில் 'செகாஸ்தே' என்றால் தவறு; 'செகாச்சேஸ்' என்பதே சரி. 'செகேய்' எழுதும்போது 'g' எழுத்துக்கும் 'e' எழுத்துக்கும் நடுவே 'u' போட மறக்காதீர்கள் (cheguei).

இதைவிடப் பெரிய பிழை ஒன்று உண்டு. 'வந்திருக்கிறார்' என்பதற்கு ஸ்பானியர் 'ஆ யெகாதோ' என்று துணைவினை சேர்த்துச் சொல்லும் இடத்தில் கலீசியத்துக்கு வெறும் 'செகோவ்' போதும். 'தேர்' என்ற துணைவினையைச் சேர்த்து 'தேஞோ செகாதோ தார்தே' என்றால் 'பலமுறை தாமதமாக வந்திருக்கிறேன்' என்று பொருள் மாறிவிடும். 'இப்போதுதான் வந்திருக்கிறேன்' என்று நினைக்கும் தமிழர் இந்த வடிவத்தைத் தொடவே கூடாது. 'வந்திருந்தேன்' என்பதற்கு 'செகாரா' என்ற ஒற்றைச் சொல் இருக்கிறது. இன்றைய ஸ்பானியத்தில் 'யெகாரா' பெரும்பாலும் 'வந்தால்' போன்ற ஐயநிலைக்கே வரும். கலீசியத்தில் அந்த வேலை 'செகாசே'யுடையது.

ஸ்பானியத்தில் அறவே இல்லாதது, ஆள் காட்டும் வினையெச்சம்: செகார், செகாரேஸ், செகார், செகார்மோஸ், செகார்தேஸ், செகாரேன். 'நாங்கள் வந்துசேருமுன்' என்பது 'அந்தேஸ் தே செகார்மோஸ்'. 'நாங்கள்' என்று தனியே சொல்லத் தேவையில்லை, 'மோஸ்' விகுதியே சொல்லிவிடும்.

'செகா!' என்று தனியே சொன்னால் 'போதும்!' 'செகா தே சொரார்' என்றால் 'அழுதது போதும்'. இந்த இடத்தில் ஸ்பானியர் சொல்வது 'பாஸ்தா', 'யெகா' அல்ல.