புதர் மண்டிய நிலத்துக்கு எந்த மெஷின்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மூன்று ஏக்கர் நிலம் பல வருஷமாகச் சும்மா கிடக்கிறது. இடுப்பளவு புல், நடுநடுவே முட்புதர். 35 எச்பி டிராக்டர் இருக்கிறது. பின்னால் மாட்டிப் புதர் வெட்டும் ஸ்லாஷர் ஐந்தடி வாங்குவதா, ஆறடி வாங்குவதா?

பதில்: அகலம் அப்புறம். முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு நிலத்தில் இறங்கி, இருப்பதிலேயே தடித்த தண்டை அடியில் அளந்து பாருங்கள். குறுக்களவு 2.5 செ.மீ.க்குள் என்றால் சாதாரண ரகம் போதும். 5 செ.மீ. என்றால் நடுத்தரம். 7 செ.மீ.யைத் தொட்டால் கனரகம்தான். அதையும் தாண்டி நாலைந்து மரக்கன்றுகள் நிற்கின்றன என்பதற்காக மெஷினைப் பெரிதாக்காதீர்கள். அவற்றை ரம்பத்தால் தரையோடு தரையாக அறுத்துவிடுங்கள். கட்டை கூராக நீட்டிக்கொண்டிருந்தால் டயருக்கு ஆகாது.

இப்போது அகலத்துக்கு வருவோம். 35 எச்பி என்பது இன்ஜின் கணக்கு. பிடிஓ தண்டில், அதாவது பின்னால் மாட்டும் மெஷினைச் சுழற்ற டிராக்டர் சக்தி தரும் தண்டில், கிடைப்பது ஏறக்குறைய 30தான். அடர்ந்த புதருக்கு ஓர் அடி அகலத்துக்கு 5 பிடிஓ எச்பி என்று போட்டுக்கொள்ளுங்கள். ஆறடிக்கு முப்பதும் போய்விடும், மேடு வந்தால் இன்ஜின் திணறும். ஐந்தடியே சரி. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: பின் டயர்களின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்பு வரை அளந்தால் அது வெட்டும் அகலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டயர் மிதித்த புல் பிளேடுக்குச் சிக்காமல் படுத்து, இரண்டு நாளில் எழுந்து நிற்கும். நிறைய டிராக்டர்களில் ரிம்மைத் திருப்பி மாட்டி இந்த அகலத்தைக் குறைக்கலாம்.

வாங்கும்போது மெஷினைத் தூக்கி நிறுத்தச் சொல்லி அடியில் பாருங்கள். கியர் பாக்ஸுக்குக் கீழே கவிழ்த்த தட்டுபோல ஒரு வட்டத் தகடு இருக்க வேண்டும். அடிக்கட்டை வந்தால் மெஷின் அதன் மேல் வழுக்கி ஏறிப் போகும். பிளேடுகள் அந்தத் தகட்டின் ஓரத்தில் போல்ட்டில் தொங்கி, கையால் தள்ளினால் மடங்க வேண்டும். கல்லில் பட்டால் பின்வாங்குவதற்கான வசதி அது. முன்னும் பின்னும் கல் தெறிக்காமல் தடுக்கும் சங்கிலித் திரை இல்லாத மெஷினை வாங்கவே வாங்காதீர்கள். திரை இருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் 100 மீட்டருக்குள் ஆள் நடமாட்டம் கூடாது.

கேள்வி: ஸ்லாஷர் வேண்டாம், ஃபிளெயில் மல்ச்சர் வாங்கு என்கிறார்களே?

பதில்: வெட்டியதைப் பொடியாக்கிப் பரப்ப வேண்டும், பக்கத்தில் வீடோ சாலையோ இருக்கிறது என்றால் மல்ச்சர் நல்லது. கல்லை அவ்வளவு தூரம் வீசாது. ஆனால் அதே அகலத்துக்குக் கூடுதல் சக்தி கேட்கும். ரோட்டர் என்ற சுழலும் உருளையில் சின்னச் சின்ன பிளேடு ஏராளம், ஒன்று உடைந்தாலும் அது அதிரும், பெல்ட் டென்ஷனையும் கவனிக்க வேண்டும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை காடு வெட்டுபவருக்கு ஸ்லாஷரே போதும் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: ஸ்லாஷரின் பிடிஓ ஷாஃப்ட்டில் இருக்கும் ஷியர் போல்ட் மணிக்கு ஒன்று உடைகிறது. ஹை டென்சில் போல்ட் போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: கூடாது. உடைவதுதான் அந்த போல்ட்டின் வேலை. அது உடையாவிட்டால் கியரோ ஷாஃப்ட்டோ உடையும். மேனுவலில் சொன்ன அளவு, சொன்ன கிரேடு மட்டுமே போடுங்கள். தலையில் 8.8 என்று பொறித்திருந்தால் அது கடினமான ரகம். மேனுவல் அதைக் கேட்காதவரை தொடாதீர்கள்.

ஏன் உடைகிறது என்று பாருங்கள். பாதிக் காரணம் பிடிஓவைப் போடும் விதம். இன்ஜினை ஐடிலில் வைத்து பிடிஓவைப் போட்டு, பிளேடு சுழன்ற பிறகு மெதுவாக நிமிஷத்துக்கு 540 சுற்றுக்கு ஏற்றுங்கள். அடுத்தது உயரம். முதல் தடவை 15 முதல் 20 செ.மீ. உயரத்தில் வெட்டுங்கள். என்ன ஒளிந்திருக்கிறது என்று தெரிந்த பிறகு இரண்டாம் ஓட்டத்தில் இறக்கலாம். இரண்டும் சரியாக இருந்தும் உடைகிறதா? போல்ட் துளை முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கும், அல்லது துருப்பிடித்த பிளேடு மடங்காமல் நிற்கும்.

ஷியர் போல்ட்டுக்குப் பதிலாக, சுமை கூடினால் வழுக்கிவிடும் ஸ்லிப் கிளட்ச் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. மாதக்கணக்கில் நின்ற மெஷினில் கிளட்ச் தட்டுகள் துருவில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் பாதுகாப்பே இல்லை. ஸ்பிரிங் நட்டுகளைத் தளர்த்தி, தட்டுகளின் விளிம்பில் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, பிடிஓவை இரண்டு மூன்று விநாடி ஓட்டி நிறுத்துங்கள். கோடு விலகியிருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. பிறகு ஸ்பிரிங் நீளத்தை அளந்து மேனுவல்படி இறுக்குங்கள்.

கேள்வி: பிளேடை அரிவாள் மாதிரி தீட்டலாமா?

பதில்: வேண்டாம். ஸ்லாஷர் வேகத்தால் அடித்து வெட்டுகிறது. கத்திக்கூர் முதல் கல்லிலேயே சில்லு சில்லாகப் போய்விடும். ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனுக்கு மொட்டை முனை இருக்கட்டும். பழைய கோணம் மாறாமல் தேய்த்து, இரண்டு பிளேடையும் தராசில் வைத்து எடை ஒத்துப்போகிறதா பாருங்கள். மாற்றினால் ஜோடியாக. அடியில் வேலை செய்யும்போது ஹைட்ராலிக்கை நம்பாமல் ஸ்டாண்டு முட்டுக்கொடுங்கள்.

கேள்வி: டிராக்டர் இல்லை. அரை ஏக்கருக்கு, கையில் பிடித்து வெட்டும் பிரஷ் கட்டர் போதுமா?

பதில்: பொறுமை இருந்தால் போதும். புல்லுக்கு நைலான் கயிறு, புதருக்கு மூன்று பல் பிளேடு, தண்டுக்கு வட்ட ரம்ப பிளேடு. பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றுவதால், கடிகார முகமாக நினைத்தால் 8 முதல் 11 மணிப் பக்கத்தில் வெட்டுங்கள். 12 முதல் 3 மணிப் பக்கம் தண்டில் பட்டால் மெஷின் கையை மீறித் தூக்கி அடிக்கும்.

கேள்வி: பழைய ஸ்லாஷர் ஒன்று வருகிறது. எதைப் பார்ப்பது?

பதில்: கியர் பாக்ஸின் கீழ்ப் பக்கம். அங்கே எண்ணெய் கசிந்து மண் கறுப்பாக ஒட்டியிருந்தால், பெரும்பாலும் கம்பியோ புல்லோ தண்டில் சுற்றி ஆயில் சீலை அறுத்திருக்கும். வட்டத் தகட்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் போய்விட்டது.

அடுத்து பிடிஓ ஷாஃப்ட், அதாவது டிராக்டரையும் ஸ்லாஷரையும் இணைக்கும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரு குழாய். உங்கள் டிராக்டரில் மாட்டி லிப்டை முழுக்க ஏற்றி இறக்கிப் பாருங்கள். எந்த நிலையிலும் இரு குழாயும் முட்டக் கூடாது, இரண்டு மூன்று செ.மீ. மிச்சம் வேண்டும். மிக நீண்ட நிலையில் குழாய்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். பிடிஓவுக்குத் தனி கிளட்ச் இல்லாத பழைய டிராக்டர் என்றால் கிளட்சை மிதித்த பிறகும் சுழலும் பிளேடு டிராக்டரை முன்னே தள்ளும். அதைத் தடுக்க, ஒரு பக்கமாக மட்டும் சக்தியைக் கடத்தும் ஓவர் ரன்னிங் கப்ளர் மாட்ட வேண்டும். கப்ளர் இடத்தை அடைப்பதால் ஷாஃப்ட்டை மறுபடி அளந்து, நீளமாக இருந்தால் இரு குழாயிலும் சமமாக அறுத்து, பிசிறை ராவி, கிரீஸ் வைத்து மாட்டுங்கள்.