விடுதியில் ஃப்ளூ: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் பெண்கள் விடுதியில் அறைக்கு நான்கு பேர். யாருக்காவது காய்ச்சல் என்றால் அன்றே பெற்றோரைக் கூப்பிட்டு ஊருக்கு அனுப்பிவிடுகிறோம். இருந்தும் அந்த வாரத்துக்குள் அதே மாடியில் ஏழெட்டுப் பேர் படுத்துவிடுகிறார்கள். எங்கே தவறுகிறோம்?
- விடுதிக் காப்பாளர், நாமக்கல்

காய்ச்சல் தெரிவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பே ஃப்ளூ பிறருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். நீங்கள் பெட்டியைக் கட்டச் சொல்லும் நேரத்தில் கூட இருந்த மூவரும் கிருமியை வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம். வாங்கியவருக்கு ஒன்று முதல் நான்கு நாளுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாள், உடம்பு சுடும். ஆகவே படுத்தவரை அனுப்பியதோடு வேலை முடியவில்லை. அந்த மூவரும் நான்கு நாள் முகக்கவசம் போடட்டும். காலை, மாலை அவர்கள் உடல் வெப்பத்தைப் பாருங்கள். இந்தக் கண்காணிப்புதான் உங்கள் விடுதியில் விடுபட்டுப்போகிறது.

ஊருக்கு அனுப்புவதையும் கொஞ்சம் யோசியுங்கள். காய்ச்சலோடு ஒரு பெண் ஐந்து மணி நேரம் பேருந்தில் போனால் பக்கத்து இருக்கைக்காரருக்கும், வீட்டில் இருக்கும் பாட்டி தாத்தாவுக்கும் அதைக் கொண்டுபோகிறாள். ஃப்ளூ நிமோனியாவாக மாறி உயிரைக் குடிப்பது அந்த வயதில்தான் அதிகம். சொந்த வண்டி வந்தால், வீட்டில் தனி அறை இருந்தால் அனுப்பலாம். இல்லையென்றால் விடுதியிலேயே வைத்துப் பார்ப்பதுதான் நல்லது.

அதற்கு மாடிக்கு ஓர் அறையைக் காலியாக ஒதுக்கி வையுங்கள். எதிரெதிராக ஜன்னல் இருக்கிற, கழிப்பறை சேர்ந்த அறையாக இருக்கட்டும். உணவுக்கூடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம். கட்டில்களுக்கு இடையே ஒரு மீட்டருக்குக் குறையாமல் இடம் விட்டு, ஒருவர் தலைமாட்டுக்கு அடுத்தவர் கால்மாடு வரும்படி மாற்றிப் போடுங்கள். ஃப்ளூ அறிகுறி உள்ள இருவர் ஒரே அறையில் இருக்கலாம். அம்மை போட்டவரை அங்கே சேர்க்கக் கூடாது. மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம் என்பதால் எல்லாக் கட்டிலுக்கும் கொசுவலை வேண்டும்.

சாப்பாட்டை அறை வாசலில் மூடி வைத்துவிட்டு வரலாம். தட்டும் டம்ளரும் அவரவருக்குத் தனி. சாதாரண சோப்பில் தேய்த்துக் கழுவினால் போதும். இந்த வேலைக்கு ஒரே ஆளைப் போடுங்கள், ஆனால் சமையற்கட்டில் வேலை செய்பவரைப் போடாதீர்கள். அவர் படுத்தால் விடுதியே படுக்கும்.

அறையில் ஒரு நோட்டு கட்டாயம் இருக்கட்டும். வெப்பம் எவ்வளவு, கடைசியாக எப்போது பாராசிட்டமால் சாப்பிட்டார் என்ற இரண்டையும் எழுதுங்கள். மாத்திரை இல்லாமல் முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் வெளியே விடலாம். மாத்திரை நேரம் எழுதாவிட்டால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. வெளியே வந்த பிறகும் நோய் தொடங்கியதிலிருந்து ஐந்தாறு நாள் ஆகும்வரை முகக்கவசத்தோடு இருக்கட்டும். காய்ச்சல் விட்டாலும் கிருமி சிறிது நாள் வெளியேறிக்கொண்டுதான் இருக்கும்.

நேற்றிலிருந்து 101 டிகிரி. உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி வலி. நாளை இன்டர்னல் தேர்வு, மதியம் லேப். மாத்திரை போட்டுக்கொண்டு போய்விட்டு வரலாமா?
- மூன்றாம் ஆண்டு மாணவர், கோவை

போகாதீர்கள், தம்பி. பாராசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும், கிருமியைத் தொடாது. முதல் மூன்று நாட்களில்தான் ஃப்ளூ மிக அதிகமாகப் பரவும். தெம்பு வந்ததுபோல் தெரியும் அந்த நான்கு மணி நேரத்தில், மூடிய லேபில் அறுபது பேர் நடுவில் இருமிக்கொண்டிருப்பீர்கள்.

ஆனால் இந்தக் கேள்வியை இவர் கேட்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பதைக் கல்லூரி முதல்வர்கள் யோசிக்க வேண்டும். 75 சதவீத வருகைப்பதிவு கழுத்தைப் பிடிக்கும்போது எந்தப் பிள்ளை அறையில் படுத்திருக்கும்? சோப்பும் சானிடைசரும் வாங்க ஒதுக்கும் பணத்தைவிட, ஃப்ளூ காலத்தில் நான்கு நாள் விடுப்பைத் தண்டனை இல்லாமல் தருவது அதிகம் தடுக்கும். மருத்துவச் சான்றிதழ் கொண்டுவா என்று விரட்டினால், ஓய்வெடுக்க வேண்டியவர் புறநோயாளிப் பிரிவின் வரிசையில் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் நடுவே போய் நிற்பார். மேலே சொன்ன விடுதி நோட்டையே சான்றாக ஏற்றுக்கொள்ளலாம். வீட்டிலிருந்து வருபவருக்குப் பெற்றோர் கடிதம் போதும். விட்டுப்போன இன்டர்னலுக்கு மறுதேர்வுத் தேதியைப் பருவத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் யாரும் மாத்திரையை விழுங்கிவிட்டு வர மாட்டார்கள்.

எங்கள் வகுப்புகள் எல்லாம் ஏசி. ஏசி காற்றைச் சுத்தப்படுத்துமா, பரப்புமா?
- உதவிப் பேராசிரியர், சென்னை

சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருக்கும் காற்றையே குளிர்வித்துத் திரும்பத் திரும்ப விடும். அதன் வடிகட்டி தூசியைப் பிடிக்கும், மூச்சில் வரும் நுண்துளிகளைப் பெரும்பாலும் பிடிக்காது. ஆகவே ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பத்து நிமிடம் கதவையும் எதிர்ச்சுவர் ஜன்னலையும் திறந்து வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று ஓடாது. எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால் வகுப்பு நேரம் முழுக்க ஓடட்டும். எதிர்ப்பக்கக் கதவில் இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் அது இழுக்கக் காற்றே இருக்காது. எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் ஒரு பெடஸ்டல் ஃபேனை ஜன்னலை ஒட்டி வெளிப்பக்கம் பார்த்து வைத்தாலும் அந்த வேலையைச் செய்யும். மூடிய அறையில் சீலிங் ஃபேன் சுற்றினால் உள்ளே இருப்பதைக் கலக்கத்தான் செய்யும்.

பிளீச்சிங் பவுடரை எந்த அளவில் கலக்க வேண்டும்?
- துப்புரவு மேற்பார்வையாளர், மதுரை

கைப்பிடி, ஸ்விட்ச், லிஃப்ட் பட்டன், குடிநீர்க் குழாய் போன்ற பலர் தொடும் இடங்களுக்கு 0.1 சதவீதக் குளோரின் கரைசல் போதும். புதிய பிளீச்சிங் பவுடராக இருந்தால் 10 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 35 கிராம். கலக்கி, கசடு அடியில் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். 5 சதவீதத் திரவ ஹைபோகுளோரைட் என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே வீணாகும். முதலில் சோப்பு நீரால் துடைத்துவிட்டு, பிறகு கரைசலைத் தடவிப் பத்து நிமிடம் விடுங்கள். உலோகம் என்றால் அதன்பின் தண்ணீரால் துடைக்காவிட்டால் அரிக்கும். அன்றன்று கலக்க வேண்டும். கட்டிதட்டிய பழைய பவுடரில் வீரியம் இருக்காது. கழிப்பறை ஆசிடோடு ஒருநாளும் சேர்க்காதீர்கள். நச்சுக் குளோரின் வாயு கிளம்பும். மின்சார ஸ்விட்சில் ஊற்றாமல், பிழிந்த துணியால் துடையுங்கள்.

ஃப்ளூ அதிகமும் பரவுவது காற்று வழியாகத்தான். வளாகம் முழுக்கப் புகை அடிப்பதும் தரையில் மருந்து தெளிப்பதும் வீண் வேலை.

தடுப்பூசி எப்போது போட வேண்டும்? போட்டால் ஃப்ளூவே வந்துவிடும் என்கிறார்களே?
- செவிலியர் கல்லூரி மாணவி, வேலூர்

ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி. அதனால் ஃப்ளூ வர வழியில்லை. கை வலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல் வரலாம். பலன் கிடைக்க இரண்டு வாரம் ஆகும். டெல்லி, புனே போன்ற ஊர்களில் தென்மேற்குப் பருவமழையோடு ஃப்ளூ ஏறும். சென்னை, வேலூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை உச்சம் தொடுகிறது. ஆகவே உங்களுக்குச் செப்டம்பர் சரியான மாதம். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் போட வேண்டும். முழுப் பாதுகாப்பு கிடைக்காது, ஆனால் நோயின் கடுமை குறையும். மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் உங்களைப் போன்றவர்களும், ஆஸ்துமா, நீரிழிவு உள்ளவர்களும், விடுதிச் சமையல் ஊழியர்களும் முதலில் போட்டுக்கொள்ளட்டும்.

வாசலில் வெப்பமானித் துப்பாக்கி, உணவுக்கூடத்தில் நிலவேம்புக் குடிநீர். இவை போதாதா?
- மாணவர் பேரவை, திருச்சி

போதாது. காய்ச்சலுக்கு முந்தைய நாளில் பரப்புபவரையும் மாத்திரை விழுங்கியவரையும் துப்பாக்கி காட்டாது. நிலவேம்பு ஃப்ளூ பரவலைத் தடுக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. கொடுப்பதாக இருந்தால் ஒரே டம்ளரில் வரிசையாகக் கொடுக்காதீர்கள். தண்ணீர்ப் பானைக்கும் இதுவே. அண்ணாந்து குடிக்கிற நம் வழக்கம் நல்லதுதான், ஆனால் எல்லோரும் அப்படிக் குடிப்பதில்லை; அவரவர் பாட்டில்தான் சரி.

மகன் விடுதியில் காய்ச்சலோடு இருக்கிறான். எப்போது மருத்துவமனைக்குப் போகச் சொல்ல வேண்டும்?
- ஒரு தாய், தஞ்சாவூர்

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் இரத்தம், உதடோ நகமோ நீலமாவது, விடாத மயக்கம் அல்லது குழப்பம், விட்ட காய்ச்சல் ஓரிரு நாளில் இன்னும் கடுமையாகத் திரும்புவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், அம்மா. 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். ஆஸ்துமா, நீரிழிவு, இதயக் கோளாறு இருந்தால் காய்ச்சல் தொடங்கிய முதல் நாளே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஃப்ளூ கிருமியையே எதிர்க்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அதை மருத்துவர்தான் எழுத வேண்டும். ஆன்டிபயாட்டிக் ஃப்ளூ கிருமிக்குப் பயன்படாது.

மற்றவர்களுக்கு ஓய்வு, கஞ்சி, ரசம், நிறையத் தண்ணீர், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை 500 மில்லிகிராம் பாராசிட்டமால் போதும். சளி, இருமல் இல்லாமல் கண்ணுக்குப் பின்னால் வலியும் தோலில் சிவப்புத் தடிப்பும் இருந்தால் டெங்கு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், இபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் எதுவும் தொடக் கூடாது. இரத்தக்கசிவை அவை கூட்டும். மகன் 18 வயதைத் தாண்டாதவன் என்றால் ஃப்ளூவிலும் ஆஸ்பிரின் கூடாது. மூளையையும் ஈரலையும் தாக்கும் ரெய் நோய், அரிதாக என்றாலும், அதனால் வருவதுண்டு. சந்தேகம் இருந்தால் 104 என்ற எண்ணில் எந்நேரமும் ஆலோசனை கேட்கலாம்.