நகையை அடகு வைத்து ஏரோஸ்பேஸா?

ஐயா, சனிக்கிழமை நீங்கள் கிளம்பிய பிறகு பார்த்தால், உங்கள் மகளின் நோட்டு என் மேசையிலேயே கிடந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்கு. 1977-இல் கிளம்பிய நாசாவின் வாயேஜர் 1 விண்கலம் நொடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது. சூரியனுக்கு அடுத்த நட்சத்திரமான ப்ராக்ஸிமா சென்டாரி 4.24 ஒளியாண்டு தூரம். இதே வேகத்தில் போய்ச் சேர சுமார் 75,000 வருடம். (வாயேஜர் அந்தத் திசையிலேயே போகவில்லை என்பது வேறு கதை.) நானும் போட்டுப் பார்த்தேன், சரிதான்.

"மனுஷன் அங்கெல்லாம் போவானா சார்?" என்று கேட்டீர்கள். அப்போது மழுப்பிவிட்டேன். இவள் காலத்தில் ஆள் போக முடியாது என்றுதான் நினைக்கிறேன். அதற்காக இவளுடைய விண்வெளி ஆசையை மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியது உங்கள் மைத்துனரின் யோசனையை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏரோஸ்பேஸ், அதற்கு நகைக்கடன். படித்தால் இஸ்ரோ வேலை நிச்சயமாம்! இஸ்ரோ தேர்வு வைத்து அதிகம் எடுப்பது மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களை. கடன் வாங்காதீர்கள்.

கணக்குக்குக் கீழே அவள் எழுதியிருப்பது: "அவ்வளவு நாள் கரன்ட் எங்கிருந்து வரும்?" ராக்கெட் ஆசைப்பட்டவள் கேட்கிற கேள்வி இல்லை இது. வாயேஜருக்கு சோலார் தகடு கிடையாது. புளூட்டோனியம்-238 சிதையும் சூட்டில்தான் மின்சாரம். கிளம்பும்போது சுமார் 470 வாட். வருடத்துக்கு நாலு வாட் வீதம் குறைய, கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து வருகிறார்கள். சந்திரயான்-3இல் லேண்டரை நிலவுவரை சுமந்துபோன உந்துகலனிலும், இதேபோல் அணுச் சிதைவால் தலா ஒரு வாட் சூடு தரும் இரண்டு குட்டிச் சாதனங்கள் போயின, பாபா அணு ஆராய்ச்சி மையம் செய்தவை.

இந்த அணு அறிவியல் பக்கம் போக ஒரு வாசல் இருக்கிறது: நெஸ்ட் நுழைவுத் தேர்வு. அதில் தேறினால் இரண்டு இடங்களில் சேரலாம்: புவனேஸ்வரத்தில் நைசர் என்ற தேசிய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்; மும்பையில் அணுசக்தித் துறையும் மும்பைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் அடிப்படை அறிவியல் மையம். பிளஸ் டூ முடித்ததும் ஐந்து வருட எம்.எஸ்சி. அணுசக்தித் துறையின் திஷா உதவித்தொகை கிடைத்தால் வருடத்துக்கு 60,000 ரூபாய், கோடைப் பயிற்சிக்குத் தனியாக 20,000. நல்ல கிரேடு வாங்கினால் பாபா மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு நேரடியாக நேர்காணல். அப்புறம், இடங்கள் இரண்டிலும் சேர்த்து முந்நூறைத் தொடாது. கடினம்தான், ஆனால் ஃபிசிக்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி எழுதுகிற பெண் எழுதிப் பார்க்க வேண்டிய தேர்வு.

நோட்டு பத்திரமாக இருக்கிறது. அவளையே வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். மாமாவைக் கூட்டி வர வேண்டாம்.