கணினிக் கேள்வி – பதில்

கேள்வி: திருகோணமலைச் சுற்றுவட்டாரப் படகு, பஸ் ஆசனங்களைப் பதியும் ஆண்ட்ராய்ட் செயலி ஒன்றை ஆங்கிலத்தில் செய்தோம். தமிழைச் சேர்த்ததும் "மூதூர்க்கு", "கிண்ணியாக்கு" என்றெல்லாம் வருகிறது. சில வேளை ஊர்ப்பெயரைத் தேடினாலும் அகப்படுவதில்லை. சிங்களமும் சேர்க்க வேண்டும். எங்கே பிழை?
– வாசகர், உவர்மலை

பதில்: ஊர்ப்பெயரின் பின்னால் "க்கு" என்பதைச் செயலி ஒட்டுகிறது, அதுதான் பிழை. ஆங்கிலத்தில் 'டு' தனிச்சொல், எந்த ஊருக்கும் மாறாது. தமிழில் மூதூருக்கு, கிண்ணியாவுக்கு, கந்தளாய்க்கு என்று ஊருக்கு ஊர் வேறுபடும். செயலிக்கு இலக்கணம் படிப்பிக்க முயல வேண்டாம். "சேருமிடம்: மூதூர்" என்று காட்டுங்கள், போதும். வசனமாகவே வேண்டுமென்றால் ஊர் அட்டவணையில் "மூதூருக்கு" என்பதையும் தனிப் புலமாகச் சேமியுங்கள். வசனத்தைத் துண்டு துண்டாக மொழிபெயர்க்கக் கொடுக்காதீர்கள். முழு வசனமாக, ஊர், நேரம் போன்ற மாறும் இடங்களுக்கு 1, 2 என்று எண்ணிட்டுக் கொடுத்தால்தான் சொல்லொழுங்கை மாற்றி எழுத முடியும்.

தமிழ் வசனங்கள் 'வேல்யூஸ்-டிஏ' கோப்புறையிலும் சிங்களம் 'வேல்யூஸ்-எஸ்ஐ' கோப்புறையிலும் இருக்கட்டும். பின்னொட்டில்லாத 'வேல்யூஸ்' கோப்புறையில் எல்லா வசனமும் கட்டாயம் இருக்க வேண்டும். அங்கே ஒன்று விடுபட்டால், வேறு மொழியில் உள்ள கைபேசியில் அந்தத் திரை திறக்கும்போதே செயலி நின்றுவிடும். "1 பயணி, 2 பயணிகள்" போன்றவற்றுக்கு 'ப்ளூரல்ஸ்' வசதியைப் பயன்படுத்துங்கள். சிங்களத்தில் 0 ஒருமையோடு சேரும், தமிழில் பன்மையோடு. நீங்களே நிபந்தனை எழுதினால் இந்த இடத்தில் பிழை வரும்.

இனித் தேடல். "திருகோணமலை" கண்ணுக்கு 6 எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொதுமுறையான யூனிகோடில் 10 குறியீடு. "கோ"வின் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் கால் குறியுமாக இரண்டாகவும் எழுதலாம். இரண்டாவது வழியில் 11 ஆகிவிடும். திரையில் ஒரே தோற்றம். கணினிக்கோ வெவ்வேறு சொற்கள். சேமிக்கும் பெயரையும் தேடும் சொல்லையும் 'என்எஃப்சி' வடிவத்துக்கு (பிரிந்த குறிகளை ஒரே குறியீடாக இணைக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றுங்கள். பயணச்சீட்டைக் குறுஞ்செய்தியில் அனுப்புவதானால், தமிழில் ஒரு செய்திக்கு ஆங்கிலத்தைப் போல 160 அல்ல, 70 குறியீடுகள்தான். ஊர்ப்பெயரே 10 எடுத்துக்கொள்ளும், ஆகவே சுருக்கி எழுதுங்கள்.

கேள்வி: மொழிபெயர்த்துத் தந்த கோப்பு செயலியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிகிறதே?
– வாசகி, நிலாவெளி

பதில்: அது பாமினி எழுத்துருவில் தட்டிய கோப்பு. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளே. எழுத்துருதான் தமிழாகக் காட்டியது. யூனிகோடுக்கு மாற்றுங்கள். ஆனால் முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றியில் போட்டால் அடைப்புக்குறிகளும் மாறும் இடக் குறிகளும் தமிழெழுத்தாகிச் சிதைந்துவிடும். தமிழ் வசனங்களை மட்டும் பிரித்தெடுத்து மாற்றி, மீண்டும் உரிய இடத்தில் வையுங்கள்.